அளவுநாடாவின் மறுமுனை

திங்களும் புதனும் கற்பித்தல்,
மற்ற நாள்கள் ஆய்வு.
பெலோஷிப் கடிதத்தில் அப்படித்தான் இருந்தது:
இரண்டு வருடம், ஒரு மேசை, அரை அலுமாரி,
'நீடிப்பு செயற்திறனைப் பொறுத்தது.'
அலுமாரியின் மற்ற அரையில்
மண் ஆய்வுக்காரர் ஒருவரின் போத்தல்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு வயலின் பெயர்.

கல்லடியிலிருந்து ஆறேகால் பஸ்.
களுவாஞ்சிக்குடியில் ஆட்கள் இறங்கினால் இருக்கை,
இல்லாவிட்டால் ஒரு கையில் கம்பி,
மறுகையில் மாணவர்களின் படிக்கட்டுகள்.
ஹஸ்பியா கீறிய படிக்கட்டில்
ஒன்பதாம் படியில் தலை வளையில் இடிக்கும்.
"குனிஞ்சு போகலாம் மிஸ்" என்றாள்.
அதற்கு அரைப் புள்ளி போட்டேன்,
பிறகு அழித்தேன்.

மருதமுனையில் எங்கள் கேள்வி எளிது.
கடல் வந்து போனபின் கட்டிக்கொடுத்த வீடுகளை
இருபது வருடத்தில் ஆட்கள் என்ன செய்தார்கள்?
எல்லாம் ஒரே வீடு, ஒரே ஜன்னல்,
கண்ணாடியில் பார்த்ததுபோல் இடமும் வலமும்.
கீறியவர் யாரோ,
மகளை மட்டும் மறந்துவிட்டார்.
இங்கே வீடு மகளுக்குப் போகிறது.
அவளுக்குக் கலியாணம் முடிய
உம்மா சட்டிபானையோடு பின்பக்கம் நகர்கிறா:
ஓர் அறை, ஓர் அடுப்படி.
இரண்டாம் மகளுக்கு இன்னும் பின்னால்.
வளவு முடிகிற இடத்தில்தான் குடும்பம் முடிகிறது.
உறுதியில் மட்டும்
வாப்பாவின் ஒற்றைக் கையெழுத்து.

ஜெசீமா ராத்தா வீட்டில்
நாடாவின் மறுமுனையைப் பிடித்தது அவதான்.
பிரணவன் எண்ணைச் சொல்ல நான் எழுதிக்கொண்டு வர
ஏழு மீற்றர் இருபதில்
கையை விட்டா.
நாடா சுருண்டோடி வந்து என் விரலில் அடித்தது.

"இதோட போதும் மகள்.
அங்கால கிடக்கிறது
பேப்பர்ல ஏறாமக் கிடக்கட்டும்."

அங்கால கிடந்தது
தகரக் கூரை, நீலக் கதவு,
சாய்த்துவைத்த சைக்கிள்,
அனுமதி எடுக்காத ஓர் அறை.
உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெசின்
எங்கள் குரல் கேட்டு நின்றது.

எனக்கு வேண்டியதே அந்த அறைதான்.
என் கட்டுரையின் நாலாம் பகுதி முழுக்க
அந்த அறைதான்.

"முறிகோடு போடுவமா மிஸ்?
மறைஞ்சு கிடக்கிறதுக்கு முறிகோடு எண்டு
நீங்கதானே படிப்பிச்சீங்க."
ஓம், நான்தான்.
திரும்பும் வழியில்
வெயிலுக்குச் சுருங்கிய தார் றோட்டில்
யோசித்துக்கொண்டு வந்தேன்:
முறிகோடும் கோடுதான்.
கந்தோரில் அதை வாசிக்கத் தெரிந்த
ஒருவர் போதும்.

பங்குனியில் மீளாய்வு.
திரையில் கிடைப்படம்.
"இந்த வீடு ஏன் ஏழு இருபதில் நிற்கிறது?
அளவுப் பிழையா?"
"நாடா அவ்வளவுதான், சேர்."
ஒருவர் சிரித்தார்.
ஒருவர் குனிந்து
நீளமாக ஏதோ எழுதினார்.

கடிதம் இன்னும் வரவில்லை.
கல்லடியில் எனக்கென்று போட்ட அத்திவாரத்தில்
புல் முழங்கால் அளவு.
"ஊரெல்லாம் அளக்கிறாய்,
உன்ர வீட்டை எப்ப கீறப்போறாய்?"
அம்மா கேட்பது கறிக்கு உப்புப் போடுவதுபோல,
நாளுக்கு ஒருமுறை, அளவாக.

புதன் வகுப்பில் புதிய பயிற்சி கொடுத்தேன்:
உங்கள் வீட்டைக் கீறுங்கள்.
ஓர் அறையை விட்டுவிடுங்கள்.
காரணம் வேண்டாம்.

இருபத்திரண்டு தாள்கள் மேசையில் கிடக்கின்றன.
பிரணவன் விட்டது கிணற்றடி,
அது அறையே இல்லை.
ஹஸ்பியாவின் படிக்கட்டில்
இப்போது தலை இடிக்காது,
நேராக ஏறி
தாளின் விளிம்பில் முடிகிறது.

இதற்கு எத்தனை புள்ளி?
வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு
கன நேரமாய் இருக்கிறேன்.
பக்கத்து அரை அலுமாரியில்
போத்தல்களுக்குள்
வயல்கள்.