இரண்டு நிமிடம் நாற்பத்தொரு நொடி

நான் பாட்டுப் போடுகிறவள் இல்லை,
மைக்கில் சிரிக்கிறவளும் இல்லை.
எஃப்.எம்.மில் போன் எடுக்கிறவள்.
நோட்டில் நாலு கட்டம்:
நேரம், பெயர், ஊர், கேட்டது.

பென்டிரைவைக் கேரிபேக்கில் சுற்றி
ரப்பர்பேண்ட் போட்டுக் கொண்டுவந்தான்
உருமி வாசிக்கிற சோலைராசு.
"ஒரே பாட்டுத்தான், ஆல்பமெல்லாம் இல்ல.
சிம்மக்கல்லுல ஒரு மாடியில பதிஞ்சோம்.
ஒண்ணேகால் மணி நேரம்,
கரண்டு போனதையும் சேத்து."

பாடியவர் ஒச்சம்மாள், எழுமலைப் பக்கம்.
திங்கள்தோறும் பைக்கில் வரும்
குழுக்கடன்காரனுக்கு வரவேற்பு:
வாய்யா, வந்து உக்காரு,
கோழி மேயுது பிடிச்சுக்க,
பிள்ளை சிரிக்குது
அதுல ஒரு வட்டி எடுத்துக்க.

மேனேஜர் கண்ணை மூடிக் கேட்டார்.
நல்லாருக்கு என்றார்.
மூன்று பன்னிரண்டு நீளம், வெட்டு என்றார்.
அடுத்து நகைக்கடன் விளம்பரம்
நொடி பிசகாமல் விழவேண்டும்.

புதன் மதியம் இரண்டு பத்து,
ஊரே உண்டு சாய்ந்திருக்கும் நேரம்.
இரண்டே அழைப்பு.
ஒருவருக்குப் போன மாதப் போட்டியில் வென்ற
வெள்ளிக்காசு இன்னும் வரவில்லையாம்.
அவனியாபுரத்துக்காரர் ஒருவர்,
"சாப்பிடுற நேரத்துல என்னம்மா இழவுப்பாட்டு?"

வியாழன் பதினொன்று.
வெள்ளி, பக்கம் போதவில்லை.
செல்லூர்த் தறிச்சத்தத்துக்கு மேலே கத்தி ஒருத்தி,
மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட்டில்
ஏலத்துக்கு நடுவே ஒருத்தி,
பேரையூர் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்த நர்ஸ்,
பெயர் சொல்லாமல் பாட்டின் நடுவரியை மட்டும்
பாடிவிட்டு வைத்தவர் மூன்று பேர்.
கேட்டது, கேட்டது, கேட்டது என்று
கீழே கீழே ஒரே பாட்டு.
மேற்படி என்று இரண்டு கோடு போட்டேன்.

திங்கள் காலை ஒன்பது இருபது.
ஓர் ஆண்குரல், தணிந்து.
"மேடம், நான்தான் அந்தத் திங்கக்கிழமை ஆளு."
எந்த ஊர் சார்?
"எல்லா ஊரும்தான்.
இப்ப வாடிப்பட்டி தாண்டி ஒரு வாசல்ல நிக்கிறேன்.
கதவு சாத்திருக்கு. உள்ள ரேடியோ ஓடுது.
உங்க பாட்டுத்தான்.
முடியட்டும்னு நிக்கிறேன்."
கொஞ்சநேரம் வண்டி எஞ்சின் ஆறும் டிக் டிக்.
"முடிஞ்சதும் இன்னொருக்கா
போடுவீங்களா?"

பெயர்க் கட்டத்தில் என்ன எழுத?
ஒன்றும் எழுதவில்லை.
விளம்பரம்தான் விழுந்தது:
உங்கள் தங்கம், உங்கள் நிம்மதி.
அவர் தட்டினாரா, தெரியாது.

செவ்வாய், நகைக்கடன்காரர்கள் மேனேஜரோடு
காப்பி குடித்தார்கள்.
பாட்டை யாரும் நிறுத்தவில்லை.
விடிகாலை நாலே முக்காலுக்கு நகர்ந்தது,
பால்வண்டிக்கும் எனக்கும்.

அந்த நேரத்தில்தான் ஒருநாள் அந்த அம்மாள்:
"தாயி, பாட்டுப் போட்டாச்சுங்குறாக.
எங்க பக்கம் எடுக்கல, மலை மறைக்குது.
பஸ்ஸேறி உசிலம்பட்டி வந்தா
கரகரங்குதாம்.
நீ கொஞ்சம் கேக்க வையேன்."

ரிசீவரை ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்தேன்.
தன் குரலை, என் கை வழியாக,
முதல்முறை கேட்கிறார்.
கை வலித்தது. மாற்றவில்லை.

முடிந்தபின் வெறும் இரைச்சல்.
எங்கோ ஒரு சேவல்.
"நல்லாத்தான் இருக்கு.
வாய்யாவுக்கு முன்னாடி
ஒரு மூச்சு இழுப்பேனே,
அத எங்க?"

வெட்டிய முப்பத்தொரு நொடி
எடிட்டரின் குப்பைக் கோப்பில் கிடந்திருக்கும்.
திங்கள்தோறும் அழிப்பார்கள்.
அன்று புதன்.
ரேடியோவில் அதெல்லாம் கேட்காதும்மா
என்று சொன்னேன்.
"அப்பிடியா" என்றார், நம்பியவர் போல.

நேரம் 4.52.
பெயர் ஒச்சம்மாள்.
ஊர், எடுக்காத ஊர்.
கேட்டது, ஒரு மூச்சு.