எட்டுக்கு ஒன்று

ஒன்பது வேண்டும் என்று நான்தான் கேட்டேன்.
புதுப்பேட்டை லேத்தில் இஸ்தியாக்
பீட்டிலின் ஹெட் இரண்டையும் சீவித் தந்தார்.
"மெட்ராஸ் வெயில், மேடம். பங்க் பெட்ரோல்."
அந்த வார்த்தைக்கு மட்டும் அவர் கூலி வாங்கவில்லை.

மே மாதம். கத்திப்பாரா மேம்பாலம்.
மூன்றாவது கியரில் ஏறும்போது
எண்ணெய்ச் சட்டியில் கடுகு.
முதலில் ஒன்றிரண்டு,
பிறகு முழுத் தாளிப்பு.
காலைத் தளர்த்தினால் அடங்கும்,
மிதித்தால் பொரியும்.
பின்னால் வந்த மாநகரப் பேருந்து
ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரித்தது.

பிளக் பற்றவைத்த தீ
வந்து சேரும் முன்னே
மூலையில் மிஞ்சிய கலவை
தானே வெடித்துக்கொள்கிறது.
அழுத்தினால் எதுவும் சூடாகும்.

தண்ணீர் கேட்காத வண்டி.
குடங்களை வரிசையில் விட்டு
தெருவே லாரிக்குக் காத்துக்கிடந்த கோடையில்
இதன் முதுகை நான் தட்டிக்கொடுத்ததுண்டு.
இதற்குக் காற்று போதும்.
அந்தக் காற்றே நாற்பத்தொரு டிகிரியில் வந்தால்?
அதிலும் மூன்றாம் சிலிண்டர்
ஆயில் கூலரின் முதுகுக்குப் பின்னால்,
திருவல்லிக்கேணி மேன்ஷனில்
ஜன்னல் கிடைக்காத அறைக்காரன்.

நான்கு போல்ட், ஒரு ஞாயிறு:
இஞ்சின் தரையில்.
"பேரலுக்கு அடியில ஒன்றேகால் மில்லி ஷிம்,
கணக்கு முடிஞ்சுது" என்றார் இஸ்தியாக்.
கணக்கு முடியும்.
பிஸ்டன் மேலேறி
ஹெட்டை உரசாமல் நிற்கும் நெருக்கம் போய்விடும்.
அதுதான் கலவையைக் கலக்கிவிடுவது.
அதை விட மனம் வரவில்லை.

அறையைக் குடைந்தேன்.
பகலில் மருந்துக்கடையில் நிற்பவள்,
சிரிஞ்சு கைக்குப் பழக்கம்.
துளையிட்ட அக்ரிலிக் தகடு,
நீலம் கரைத்த மண்ணெண்ணெய்,
சொட்டுச் சொட்டாக.
நாற்பத்து நான்கு. குடை.
நாற்பத்தேழரை. இன்னும் குடை.
ஐம்பத்தொன்று. நிறுத்து.
ஏழு சிசி,
இருமல் மருந்து மூடியில் பாதி.
அவ்வளவுதான் ஒன்பதுக்கும் எட்டுக்கும் இடையே.
நான்கு அறைக்கும் ஒரே அளவு வர
மூன்று இரவு.
புருவமெல்லாம் அலுமினியத் தூள்.
பக்கத்து பிளாட் தாட்சாயணி கேட்டாள்:
"எந்தக் கோயில் விபூதி?"

நேற்று மதியம் இரண்டரை மணி.
ஏசி இல்லை, ரேடியோ இல்லை,
கண்ணாடிகளை இறக்கிவிட்டு
அதே பாலம், அதே கியர்.
உச்சியில்
ஒரே ஒரு கடுகா,
சைலன்சருக்குக் கீழே தெறித்த கல்லா?
தெரியவில்லை.

இறங்கியதும் ஓரங்கட்டி
டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பினேன்.
பங்க்கில் பையன் கேட்டான்,
"பவரா, சாதாவாக்கா?"

சாதா.