ஏழாவது உருளை

செவ்வாய்க்கிழமை வைத்த தட்டை
வியாழன் காலையில் எடுத்துப் பார்த்தேன்.
சிவந்த அகாரில் கறுப்பாய் ஒரு புள்ளி.
பிள்ளையின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைவிடச் சின்னது.
மூன்று டன் முட்டைத்தூள்
குடோனிலேயே நின்றுவிட்டது.

பரமத்தி சாலையில் லாரிக்காரர்கள்
டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்கள்.

மேனேஜர் கேட்டார்:
“லைட்டு எரிஞ்சுதுங்களா?”
எரிந்தது. பதினாறு குழலும் எரிந்தன.
மீட்டரில் நாலாயிரத்துச் சொச்சம் மணி நேரம்,
ஆயுள் இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த கண்ணாடி,
ஒரு விரல்ரேகை கிடையாது.
பார்க்கிற நீலம் நமக்குக் காட்ட.
கொல்வது வேறே, கண்ணில் படாதது,
பட்டால் ராத்திரி முழுக்க இமைக்குள் மணல்.

அப்பேர்ப்பட்ட வெளிச்சத்துக்கு
வளைந்து போகத் தெரியாது.
ஓட்டின் மறுபக்கம் அதற்கு அயலூர்.
அதனால்தான் உருளைகள்,
எண்ணெய் தேய்த்த பிள்ளையை
வெயிலில் திருப்பித் திருப்பிப் போடுவதுபோல
ஒவ்வொரு முட்டையையும் புரட்டிக்கொண்டே போகும்.

“எல்லாஞ் செரியாத்தானுங்க ஓடுது,”
என்றார் ஃபிட்டர் பொங்கியண்ணன்.
பெல்ட் ஓடியது. மோட்டார் ஓடியது.
நானும் பஞ்சுக்குச்சியோடு
மூலை மூலையாய் ஓடினேன்.

பெட்டியின் வாயில்
எட்டு மணி நேரம் நிற்கிறவள் சுகந்தி மாஜி.
ராயகடாவிலிருந்து வந்து ஆறு மாதம்.
கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
“ஏழு சுத்தல, மேடம்.”
எப்படித் தெரியும்?
“அங்கெ சத்தம் இல்ல.”

காதை வைத்தேன்.
கடகடகடகட, பிறகு ஒரு மூச்சளவு ஒன்றுமில்லை,
மறுபடி கடகட.
பெயின்டில் ஏழு என்று எழுதிய உருளை
அசையாமல் வந்தது, அசையாமல் போனது.
அதன்மேல் ஆறு முட்டைகள்
ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு.

அச்சில் கடித்துக் கிடந்தது
அரிசி அளவு ஓடு, காய்ந்த வெள்ளைக்கருவோடு.
பொங்கியண்ணன் திருப்புளியால் நோண்டி எடுத்து
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்,
பேசவில்லை.

“முன்னாடியே சொன்னேன்,” என்றாள் சுகந்தி.
பதிவேட்டைப் புரட்டினேன்.
போன வாரம், இரவு ஷிப்டு, நீலப் பேனா:
‘ஏழு மணிக்குச் சுத்தமில்லை எனப் புகார்.
தரை இருமுறை கழுவப்பட்டது.’
கழுவியிருக்கிறார்கள், பாவம்,
பளபளவென்று.

தவறை அழிக்கக் கூடாது, விதி அப்படி.
வொயிட்னர் பூசக் கூடாது.
‘சுத்தமில்லை’ மேல் ஒற்றைக் கோடு போட்டு
பக்கத்தில் ‘சுத்தல’ என்று எழுதினேன்.
தேதி. நேரம்.
கையெழுத்துக்கு அவளைக் கூப்பிட்டேன்.

ஒடியாவில் போட்டாள்,
வட்டம் வட்டமாய், நிதானமாக.
ஆடிட்டர் வந்தால் கேட்பார்.
கேட்கட்டும்.