இரண்டு கிலோ

இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது
என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
நாற்பது கிலோ சிப்பத்தை
இருபத்தேழு வருஷம் தூக்கியவன்
அரைக்குடம் தண்ணீருக்கு முன்னால்
கணக்குப் போட்டு நிற்கிறேன்.

ஒரு முழம் வெட்டினார்களாம்.
மிச்சக் குடலின் நுனி
வலப்பக்கம் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறது,
சிவப்பாய், ஈரமாய்,
யார் பேச்சையும் கேட்காமல்.
தொட்டால் வலிப்பதில்லை.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
என்னுடையது என்றால் வலிக்க வேண்டாமா?

மூன்று மாசத்தில் உள்ளே வைத்துத் தைத்துவிடலாம்
என்று தஞ்சாவூரில் சொன்னது ஆடியில்.
ஆவணியில் தையல் பிரிந்து சீழ் கோத்தது.
புரட்டாசியில் உப்பு இறங்கிவிட்டதென்று
மறுபடி ஒன்பது நாள், மறுபடி குளுக்கோஸ்.
இப்போது, தை பிறக்கட்டும் பார்க்கலாம் என்கிறார்.
தை பிறந்தால் வழி பிறக்கும்.
எனக்கு வழி முன்னாடியே பிறந்து
வயிற்றில் திறந்து கிடக்கிறது, டாக்டர்.
சொல்லவில்லை. சிரிப்பார் என்று தோன்றியது.

"எவ்ளோ போவுதுன்னு அளந்து எழுதுங்கண்ணே"
என்றாள் நர்ஸ் ஜெசிந்தா.
சிப்பக் கணக்கு எழுதிய நோட்டின் பின்பக்கம்
மில்லி கணக்கு எழுதுகிறேன்.
பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரமிருந்தால்
காயவைத்துக் கொண்டு வா என்று
எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம்.
களத்தில் பரத்திப்போட்டு
வானத்தைப் பார்த்துக் குந்தியிருப்பார்கள்.
அவர்கள் முகம் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

சாப்பிடாவிட்டால் பை நிறையாது
என்று கண்டுபிடித்தேன்.
இந்திராணி வைத்த உப்புக்கஞ்சி
ஆடை படிந்து கிடக்கும்.
மயங்கி விழுந்த அன்று
அவள் திட்டவில்லை, அழவில்லை,
வாசலைக் கூட்டிக்கொண்டே இருந்தாள்,
கூட்டிய இடத்தையே.

சித்தப்பா கருமாதியில்
எல்லோரும் பேச்சை நிறுத்திய ஒரு நொடியில்
இது சத்தம் போட்டது.
யாரும் கேட்காத மாதிரி இருந்தார்கள்.
அந்த மாதிரியைத்தான் தாங்க முடியவில்லை.
திரும்பும்போது வெண்ணாற்றுப் பாலத்தில்
கொஞ்சம் அதிக நேரம் நின்றேன்.
தண்ணீர் கலங்கலாய்ப் போனது.
அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.
இந்திராணியிடம் மட்டும் சொன்னேன்.
அன்றிலிருந்து பாயை எனக்கும் கதவுக்கும்
நடுவில் விரிக்கிறாள்.

ஐப்பசி. ராத்திரி இரண்டு மணி.
தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் எழுந்து,
தார்ப்பாய் போட்டானுங்களா, என்றேன்.
வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.
மூன்று மாசத்தில்
வயிறு முதலில் வராத ஒரே விழிப்பு.

பக்கிரிசாமி போனில் கத்தினான்:
"எழுநூறு சிப்பம் வெளில கெடக்கு,
நாலு படுதா பத்தல, நீ படுடா."
படுக்கவில்லை.
டார்ச் கால் கிலோ இருக்கும்,
குடை அரைக் கிலோ.
இந்திராணி எதுவும் கேட்காமல்
செருப்பை எடுத்துப் போட்டு
கூடவே வந்தாள்.

வெளிச்சம் காட்டினேன், எண்ணிச் சொன்னேன்,
அந்த மூலையை இழு என்று அதட்டினேன்.
நடுவில் சட்டைக்குள் வெதுவெதுப்பாய்
பை விட்டுக்கொண்டது.
குடையை மடக்கி மழையில் நின்றேன்.
பக்கிரிசாமி மோந்து பார்த்துவிட்டு,
"மொளச்ச நெல்லு நாத்தத்துக்கு
இது ஒண்ணுமேயில்லடா" என்றான்.
கேட்காத மாதிரி இருக்கவில்லை அவன்.

வீட்டில் விளக்கைப் போட்டு
வெந்த தோலில் பவுடர் தூவி
புதுப் பையில் ஓட்டை வெட்டினாள் இந்திராணி.
கத்தரிக்கோல் கோணியது,
இரண்டு பேருக்கும் குளிரில் கை நடுக்கம்.
கஞ்சி பாதி குடித்தேன்.

மறுநாள் பழையபடி
சுவரைப் பார்த்துத்தான் படுத்தேன்.
நோட்டில் மில்லிக்குக் கீழே
தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறேன்:
நனையாதது அறுநூற்றுப் பன்னிரண்டு.
மிச்சம் எண்பத்தெட்டை
எங்கே கொட்டிக் காயவைப்பார்கள் என்று
மத்தியானம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.