சிவப்பு நாடா

நன்மங்கலம் காட்டில் முதல் நாள்
நாடா கட்டிய செடியையெல்லாம்
வெட்டிப் போட்டேன்.
பதினொன்று.
காரை நாலு, களா மூன்று,
மீதி என்னவென்று அப்போது தெரியாது.

வாட்சர் தணிகாசலம்
பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.
'நாடா கட்டினது விடறதுக்கும்மா.
கட்டாததுதான் எடுக்கறதுக்கு.'

எனக்கெப்படித் தெரியும்?
எங்கள் தெருவில் குறி போட்டால்
அது எடுப்பதற்குத்தான்.
சைதாப்பேட்டைப் பாலத்தை ஒட்டி, ஆற்றோரம்,
கதவில் சிவப்புப் பெயிண்டில் ஒரு எண்.
நூற்று நாற்பத்தேழு.
காய்வதற்குள் என் பெண் அதைத் தொட்டுப்
பாவாடையில் துடைத்தாள்.
பெரும்பாக்கம் ஏழாவது மாடிவரை
அந்தக் கறை எங்களோடு வந்தது.

அன்றைக்குக் கூலியில் பிடிக்கவில்லை,
அதுவே பெரிது.
மறுநாள் நஸ்ரின், காலேஜில் செடி படிக்கிற பெண்,
'மூக்கால பாருங்கக்கா' என்றாள்.

உண்ணிச்செடி இலையைக் கசக்கினால்
மண்ணெண்ணெயில் எலுமிச்சை பிழிந்த நெடி.
தண்டு உருண்டையில்லை, நாலு பட்டை.
தடவினால் சுணை.
பூ மட்டும்
ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸுமாய்க்
கல்யாண மண்டபத்து வாசல் போல.
கிளையைத் தூக்கிப் பார்த்தேன்.
அடியில் ஒரு புல் கிடையாது.
ஒரே ஒரு காரை, சுண்டுவிரல் கனம்,
வெளிச்சத்தைத் தேடிக் கோணிக் கோணிப் போய்
கோணலாகவே நின்றுவிட்டிருந்தது.

மேலே வெட்டினால் போதாது,
ஒன்று நாலாய்த் துளிர்க்கும்.
கழுத்துக்குக் கீழே கடப்பாரை விட்டு
நெம்பிப் புரட்டி
வேர் வானம் பார்க்கக் கிடத்த வேண்டும்.
'நம்ம கட்டில லாரியில போட்டாங்களே,
அப்படி' என்றாள் கோட்டீஸ்வரி.
நாலு காலும் மேலே.
சிரித்தோம்.
பிறகு கொஞ்ச நேரம்
கடப்பாரைச் சத்தம்தான்.

கேட்டில் பலகை வைத்திருக்கிறார்கள்:
ஆக்கிரமிப்புத் தாவரங்கள் அகற்றும் பணி.
மற்றதையெல்லாம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்.
முதல் வார்த்தையைப் பார்த்ததும் தெரியும்.
நோட்டீஸில் அது
என் பெயருக்கு முன்னால் இருந்தது.

'இது எங்கேர்ந்து வந்துச்சு?' என்று கேட்டேன்.
கடல் தாண்டி, பூவுக்காக,
யாரோ துரையின் தோட்டத்துக்கு.
'அப்ப தானா வரல.'
'இல்லக்கா.'
'கூட்டியாந்தவன் எங்க?'
நஸ்ரின் கையுறையைக் கழற்றினாள்,
மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அதற்காக நான் விட்டுவிடவில்லை,
அதையும் சொல்ல வேண்டும்.
ஒரு நாளைக்கு இருபது தூர் சாய்க்கிறேன்.
அதன் வழக்கு வேறு, என் வழக்கு வேறு.
அது பக்கத்தில் எதையும் முளைக்க விடாது.
எங்கள் கரையில்
முருங்கை இருந்தது, பூவரசு இருந்தது,
நாலு ஊர்க்காரன் இருந்தான்,
எல்லார் வீட்டுக் கஞ்சியையும் குடிக்கிற
மகிமைதாஸின் ஆடு இருந்தது.

புரட்டாசியில் ஒரு புதருக்குள் சின்னான் கூடு.
மூன்று முட்டை, செம்புள்ளி.
'இந்தப் பழத்தைத் தின்னுட்டுக்
காடு பூரா வெதைக்கறதே அதுதான்' என்றார் தணிகாசலம்.
கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.
மடியிலிருந்த நாடாவை எடுத்துக்
கிளையில் கட்டினேன்.

அளக்க வந்த ரேஞ்சர் கேட்டார்,
'உண்ணியாச்சே, இதுக்கேன் நாடா?'
'நாலு வாரம் சார். குஞ்சு பறக்கட்டும்.
நானே வந்து எடுத்துடறேன்.'
அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.
எங்களுக்குக் கொடுத்தது மூன்று நாள்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

ஐப்பசி மழை விட்டபின்
முதன்முதலில் நான் புரட்டிய குழியில்
என்னவோ முளைத்திருக்கிறது.
எதிரெதிரே இரண்டிரண்டு இலை.
காரைக்கும் அப்படித்தான், உண்ணிக்கும் அப்படித்தான்.
கசக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.
இருப்பதே நாலு இலை.
திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன்.