பதினொன்றாம் எண் கண்ணாடி

காசு கொடுத்து வாங்கிய ஃபில்டர் மூன்று.

ஒன்று, விளக்குக்கு ஆறு கால் முளைக்கவைக்கும்.

ஒன்று, ஒரு முகத்தை ஐந்தாக்கும்.
அச்சன்புதூர்க் கல்யாணத்தில் அதைப் போட்டு எடுத்த படங்களுக்கு
மாப்பிள்ளை வீட்டார் பாதிக் காசுதான் தந்தார்கள்.
"ஒருத்தியத்தானம்மா கெட்டினோம்" என்றார் மாமனார்.

மற்றது காலைப் பத்து மணியை அந்தியாக்கும்.
சூரியகாந்தி பூக்கும் மாதம்
சுந்தரபாண்டியபுரத்துக்கு வரும் புனலூர் ஜோடிகள்
அதற்கென்று தனியாக ஐந்நூறு தருவார்கள்.
அசல் அந்தி வரைக்கும்
ஒரு ஜோடியும் காத்திருந்ததில்லை.

நான்காவதை வாங்கவில்லை. விலை பதினாலாயிரம்.
கன்னங்கரேல் என்று, வெளிச்சத்தை விழுங்குவதற்கென்றே
செய்யப்பட்ட கண்ணாடி.
மைதீன் பிச்சையின் பட்டறையில்
வெல்டிங் முகமூடிக்குப் போடும் பதினொன்றாம் எண்
எண்பது ரூபாய்.
லென்ஸோடு சேர்த்துக் கட்ட ரப்பர் பேண்டு இரண்டு, ஓசி.
"எதப் பத்தவைக்கப் போற?" என்றான்.
வெயிலை, என்றேன்.

ஓணத்துக்கு மூன்று நாள்.
புளியரை சோதனைச்சாவடி தெரிகிற மாதிரி
வளைவில் முக்காலி.
பூ லாரி, வாழைத்தார் லாரி,
பாதிச் சாலையைத் தன் வயிற்றால் அடைத்து ஏறும் வைக்கோல் லாரி,
பெயின்ட் வாளியோடு ஒரே பைக்கில் மூன்று பேர்,
கொல்லம் பஸ், அதன் பின்னால் அதைத் திட்டும் கார்கள்.

கண்ணாடியை மாட்டியபின் உள்ளே ஒன்றும் தெரியாது.
அதற்கு முன்பே குவியத்தைப் பூட்டிவிட வேண்டும்.
அப்புறம் நம்பிக்கைதான்.

உச்சி வெயிலில் நான்கு நிமிடம் திறந்துவைத்தேன்.
நான்கு நிமிடமும் எனக்கு வேலையில்லை.
முக்காலியை ஆடு முட்டாமல் பார்த்துக்கொண்டேன்.
தண்ணீர் குடித்தேன்.
வண்டிகளை எண்ணத் தொடங்கி
அறுபத்திரண்டில் விட்டுவிட்டேன்.

திரையில் வந்தது சாலை.
வெறும் சாலை.
அறுபத்திரண்டில் ஒன்றுகூட இல்லை.
ஹாரன் சத்தமெல்லாம் இருந்த இடத்தில் தார்.
வைக்கோல் லாரி மட்டும், ஏற முடியாமல் ஏறியதால்,
மஞ்சளாய் ஒரு மூச்சு விட்டுப் போயிருந்தது.
கடந்துபோன யாரையும்
கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லை.

தடுப்புக் கம்பத்தின் ஓரம் ஒரே ஓர் ஆள்.
கூர்மையாக.
சட்டையில் இல்லாத பொத்தான்கூடத் தெரிகிற அளவு கூர்மையாக.
கையில் மடித்த தாள். பின்னால் நிறுத்திப்போட்ட லாரி,
அதிலிருக்கும் பூசணிக்காய்களை
ஒவ்வொன்றாக எண்ணலாம்.

இறங்கிப்போய்க் காட்டினேன்.
பெயர் பூலுடையார். பாவூர்சத்திரம் மார்க்கெட் லோடு.
பெர்மிட் நேற்று ராத்திரி பன்னிரண்டோடு முடிந்துவிட்டது.
காலை ஏழிலிருந்து நிற்கிறார்.
நாலு நிமிஷம் ஆடாமல் அசையாமல் எப்படி, என்று கேட்டேன்.
"நிக்கச் சொன்னாவ. நிக்கேன்."

பெரிதாக்கிப் பார்த்தார்.
"வண்டியெல்லாம் எங்க?"
போயிட்டு.
"ஆளுக?"
போயிட்டாங்க.
மேற்கொண்டு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

வெல்டிங் கண்ணாடியில் எடுத்தால்
படம் முழுக்கப் பச்சை ஏறிவிடும்.
தார், கம்பம், பூசணி, அவருடைய வெள்ளை வேட்டி,
எல்லாம் பாசி பிடித்த மாதிரி.
அதைத்தான் கடைசியில் கவனித்தார்.
"இவ்வளவு பச்சையப் பாத்தா
நா அந்தப் பக்கம் போய்ச் சேந்துட்ட மாதிரிலா இருக்கு"
என்று சிரித்தார்.
கணினியில் ஒரு சொடுக்கில் பச்சையை எடுத்துவிடலாம்.
நான் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு முறை திறந்தேன்.
இரண்டிலும் அவர்.
ஒன்றில் தாள் கையில் இல்லை, யாரோ வாங்கிப்போயிருக்கிறார்கள்.

நாலே முக்காலுக்குக் கம்பம் தூக்கினார்கள்.
பூசணி லாரி முக்கி முனகி என்னைத் தாண்டியபோது
ஜன்னல் வழியே முழங்கை வரை வெளியே நீட்டிக் கையசைத்தார்.
லென்ஸ் திறந்துதான் இருந்தது,
அவரை நேராகப் பார்த்தபடி.

அந்தப் படத்தில் அவர் இல்லை.