கடலுக்கு ஒரு வசனம்

வேதத்தில் மொத்தம் சில வரிகள்தான்.
புயல். படகு. பின்னணியத்தில் தூங்குகிறவர்.
எழுந்து அவர் சொல்லும் ஒரு சொல்.
படகின் நீளம் கிடையாது.
யார் முதலில் வாந்தியெடுத்தார், கிடையாது.
கேமராவுக்கோ எல்லாம் தெரிந்தாக வேண்டும்:
தலையணைக்கு என்ன உறை,
தூங்குகிறவர் குறட்டை விடுவாரா
(விடலாமா என்று கமிட்டியில்
முறுக்கு தீரும்வரை பேசினார்கள்).

நான் வசனம்.
முத்தியால்பேட்டையிலிருந்து பஸ் மாறி,
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி,
தினம் தேவனாம்பட்டினம்.
எழுதிக் கொடுத்த தாளில் ஓரிடத்தை மட்டும்
புள்ளி புள்ளியாக விட்டிருந்தேன்,
அவர் கடலிடம் சொல்லும் இடம்.

பழைய மொழிபெயர்ப்பின் சொல் கம்பீரமானது.
அதை இந்தக் கடலிடம் சொன்னால்
யாரோ வெளியூர் தாசில்தார் என்று நினைக்கும்.
'அடங்கு' என்றால் போலீஸ்.
'பொறு' என்றால் கெஞ்சல்.
'அமைதி' வகுப்பறைச் சுவரில் எழுதியிருப்பது,
எந்த வகுப்பும் கேட்டதில்லை.

படகு நாகூரானுடையது. ஃபைபர்.
இரண்டாயிரம் வருஷம் பழசாக்கச்
சாக்கு ஒட்டிப் பழுப்பு பூசியதில்
'அங்காளம்மன் துணை' மறைந்தது.
படம் முடிஞ்சதும் புதுசா எழுதித் தர்றோம்,
கையடித்துச் சொன்னார் ஆர்ட் டைரக்டர்.
நாகூரானுக்கும் ஓர் அங்கி.
பன்னிரண்டு பேரில் ஏழாவது ஆள்,
நாளுக்கு எழுநூறு, சாப்பாடு.

அமைதியை முந்தின நாளே எடுத்துவிட்டோம்,
விடியலில் கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தபோது.
புயல்தான் பாக்கி.
தீயணைப்புக் குழாய் இரண்டு,
சென்னையிலிருந்து லாரியில் வந்த ராட்சச விசிறி.
"கத்துங்க! சாகப் போறீங்க, கத்துங்க!"
மெகாபோனில் டைரக்டர்.
பதினோரு பேர் கத்தினார்கள்.
நாகூரான் விளிம்பைப் பிடித்தபடி
வாயை மூடி உட்கார்ந்திருந்தார்.
மூன்று டேக்.
"ஏன்யா, பயமே வரலியா உனக்கு?"

"அன்னிக்கு யாரும் கத்தல சார்."

எந்த அன்னிக்கு என்று
கரையில் ஒருவரும் கேட்கவில்லை.
டீ ஊற்றுகிற பையன்
தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

டைரக்டர் மெகாபோனை இறக்கி
ஜெனரேட்டர் ஆளைப் பார்த்துச் சொன்னார்:
போதும்.

காற்று நின்றது. மழை நின்றது.
ஈர அங்கிகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன.
நாகூரான் மெல்லத் திரும்பி
அந்த விசிறியைப் பார்த்தார்,
இவ்வளவு லேசா, என்பதுபோல.
மூன்று டேக்காக நாங்கள் கேட்ட முகம்
அப்போதுதான் வந்தது.
கேமரா ஓடவில்லை.

மதியம், புள்ளிகளின் மேல் எழுதினேன்:
போதும்.
பெங்களூர் நடிகர், தமிழ் தெரியாதவர்,
உப்பில் பசைவிட்ட தாடியை
ஒரு கையால் அழுத்திக்கொண்டு
எழுந்து, கடலிடம் சொன்னார்.
ஒரே டேக்கில் ஓகே.

கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை.
வேதத்தில் இல்லாத சொல்லாம்.
உண்மைதான்.
தலையணை உறையும் இல்லை.
டப்பிங்கில் பழைய சொல் திரும்பி வந்தது,
எதிரொலி சேர்த்து.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் திரை கட்டினார்கள்.
அவர் எழுந்தார், கை நீட்டினார்.
வாய் திறந்தே சொல்ல வேண்டிய சொல்
ஸ்பீக்கரில் உருண்டது.
உதடோ இரண்டு முறை ஒட்டிப் பிரிந்தது.
முன்வரிசை மண்ணில் நாகூரான்
பக்கத்து ஆளிடம் சொன்னது கேட்டது:
"வாய் வேற என்னமோ சொல்லுதே."

போன வாரம் போன் செய்தார்.
படகு இன்னும் பழுப்புதானாம்.
"சார், அந்த ஆர்ட்டு டைரக்டரு நம்பர் இருக்கா?
அம்மன் பேரு இல்லாமதான் போய்ட்டு வரேன்.
ஒண்ணும் ஆவல.
இருந்தாலும்."